புது லேப்டாப்பில் ஒரு கீறல்

(உலக நுகர்வோர் உரிமைகள் நாளை ஒட்டி, நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் போன வாரம் லிஃப்டில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, மார்ச் 15 நுகர்வோர் நாள் வருது, உங்க லேப்டாப் கதையைக் கூட்டத்துல சொல்லுங்க" என்றார். கதையில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதியைச் சொல்வதற்காகத்தான் நானும் ஒத்துக்கொண்டேன்.

சென்ற ஆடித் தள்ளுபடியில், கல்லூரியில் சேர்ந்த என் மகளுக்காக ஆன்லைனில் ஒரு லேப்டாப் வாங்கினோம். விலை 54,000 ரூபாய். பார்சல் நம் கேட்டுக்கு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் வாங்கித் தன் அறையில் வைத்திருந்து, சாயங்காலம் கொடுத்தார். "ஆடியில பிரிக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரி. எனக்கும் அது சரியாகவே பட்டது. பெட்டி 11 நாள் பீரோ மேல் இருந்தது.

ஆவணியில் சாமி கும்பிட்டுப் பிரித்தோம். மூடியின் மேல் ஓர் அங்குல நீளத்துக்குக் கீறல். கீறல் முடியும் இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. ஆன் செய்தால் நன்றாக ஓடுகிறது, திரையிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் 54,000 ரூபாய் கொடுத்த புதுப் பொருளில் கீறல். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பில்லை எடுத்துப் பார்த்தால், திருப்பி அனுப்பும் கெடு 7 நாள். அது முடிந்து 4 நாள் ஆகியிருந்தது.

அப்போது நான் செய்த காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், உங்களுக்குப் பயன்படுகிற விஷயங்கள்.

நம் விருதுநகர்க்காரர்களுக்குச் சரக்கைப் பார்த்து வாங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வத்தலோ பருப்போ, மூட்டையில் குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டோம். நான் சிவகாசியில் அச்சகத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவன். காலண்டர் அச்சில் ஒரு நிறம் இம்மி விலகினாலும் பார்ட்டி சரக்கைத் திருப்பிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 54,000 ரூபாய்ச் சரக்கைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருந்தேன்.

ஆகவே முதல் விஷயம்: வந்த அன்றே பிரியுங்கள். நல்ல நாள் பார்ப்பவர்கள் பிரித்துச் சோதித்துவிட்டு, மறுபடி பெட்டியில் வைத்து, நல்ல நாளில் பூஜை போட்டுக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் வீடியோ எடுங்கள். முகவரி ஒட்டிய சீட்டு, டேப், நான்கு மூலைகள் எல்லாம் தெரிய வேண்டும். வீடியோவை நிறுத்தாமலே பிரித்து, மூடியின் மேல்பக்கம், அடிப்பக்கம், நான்கு ஓரம், கீல், சார்ஜர் எல்லாவற்றையும் காட்டுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும், லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டும். நீங்கள் வாங்கிய தேதிக்கு மாதக்கணக்கில் முந்தைய தேதி வந்தால், அது கடையில் காட்சிக்கு வைத்த பீஸா, வேறொருவர் திருப்பி அனுப்பியதா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

அடுத்து, எது வெறும் அழகுக் குறை, எது கோளாறின் தொடக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூடியில் கீறல், பெயின்ட் பெயர்வது, லோகோ கோணலாக இருப்பது, இவையெல்லாம் அழகுக் குறை. ஆனால் கீல் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அப்படி விடக்கூடாது. திறந்து மூடும் பாரம் எல்லாம் அங்கேதான் விழும், விரிசல் வளரும். மூலை நசுங்கியிருந்தால் பெட்டி கீழே விழுந்திருக்கலாம், உள்ளேயும் அடி பட்டிருக்கலாம். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, அடி மூடி உப்பினாலோ பேட்டரி வீங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உடனே சார்ஜைக் கழற்றிவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். அதை நாமே அழுத்தி மூடப் பார்ப்பது ஆபத்து.

திரையில் ஒரு புள்ளி மட்டும் எரியாமலோ அணையாமலோ இருப்பது தனி வழக்கு. இப்போது சாதாரணமாக வரும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆக 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள். இத்தனையில் ஒன்றிரண்டு பழுதாவதை எந்த அளவுக்குப் பொறுக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற சர்வதேசத் தரம் வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சொல்கிறது. பல தயாரிப்பாளர்கள் இத்தனை புள்ளிக்கு மேல் போனால்தான் திரை மாற்றுவோம் என்று வாரன்டியிலேயே எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக வைத்துப் பாருங்கள். கறுப்பு வைக்கும்போது அறை விளக்கையும் அணைத்துவிட்டால், ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்பதும் தெரியும்.

இனிச் சட்டம். "ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடு என்பதை ஓடுகிறதா ஓடவில்லையா என்று மட்டும் பார்க்கவில்லை. சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். புதிது என்று சொல்லி விற்றால் புதிதாக இருக்க வேண்டும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், பில்லில் கெடு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள சரக்கை அந்த ஒரு வரி காப்பாற்றாது.

ஆன்லைனில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உண்டு. குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. நிறுவனத்தில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவருக்குச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். அதேசமயம், சோதித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு வந்து சொன்னால் வழக்கு பலவீனமாகிவிடும். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். அதனால் மதுரையிலோ நம் பஜாரிலோ கடையில் வாங்கும்போது, கடைக்காரர் மேஜையிலேயே பிரித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று, வாரன்டி என்பதும் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான வாரன்டி அட்டைகளில் கீறல், நசுங்கல் போன்ற வெளித்தோற்றக் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும். ஆகவே கீறலுக்குச் சர்வீஸ் சென்டருக்கு அலைவதைவிட, விற்றவரிடம் எழுத்தில் கேட்பதே வழி. போனில் பேசினால் பதிவு இருக்காது.

என் விஷயத்தில் என்ன நடந்தது? முதல் பதில், "கெடு முடிந்துவிட்டது." இரண்டாவது பதில், "சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்." அங்கே, "கீறல் வாரன்டியில் வராது." பிறகு படங்களோடு குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மூன்றாவது வாரத்தில் விற்றவர் இரண்டு வழி சொன்னார். பொருளை அனுப்பிவிட்டு மாற்றுக்குக் காத்திருக்கலாம், அல்லது 3,000 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம். மகளுக்கு வகுப்பு தொடங்கியிருந்தது, பாடமெல்லாம் அதில்தான் இருந்தது. பணத்தையே வாங்கிக்கொண்டோம். குறை வெறும் அழகுக் குறை என்றால் இப்படி இறங்கி வருவதில் தவறில்லை என்பது என் கருத்து. கீலோ மூலையோ என்றால் நான் இறங்கி வந்திருக்க மாட்டேன்.

இதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நமக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இனி நான் தள்ளிவைத்த பகுதி.

கீறலைப் பார்த்ததும் எனக்கு முதலில் விற்றவர் நினைவுக்கு வரவில்லை. பார்சல் அரை நாள் கேட்டில் இருந்ததுதான் நினைவுக்கு வந்தது. நேரே இறங்கிப் போய், "பெட்டியைக் கீழ போட்டீரா?" என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது, கத்தினேன். பால் வாங்க வந்தவர்கள், ஸ்கூல் வேனுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். "இல்லீங்கய்யா, நான் போடல" என்று இரண்டு தடவை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானம் அவர் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ராத்திரி புகாருக்குப் படம் எடுக்க அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தேன். 30 வருஷம் பெட்டி பெட்டியாகக் காலண்டர் அனுப்பியவன் நான். கீழே விழுந்த பெட்டியின் மூலை மழுங்கும், அட்டையின் நெளி உடையும். இந்தப் பெட்டியில் நான்கு மூலையும் கூராக இருந்தன. மூடியின் மேல் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாளை மகள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு கோடுகூட இல்லை. தாள் ஒட்டுவதற்கு முன்பே கீறல் விழுந்திருக்கிறது. அதாவது நம் ஊருக்கு வரும் முன்பே, நம் கேட்டுக்கு வரும் முன்பே. அந்தத் தாளின் படம்தான் விற்றவரை இறங்கி வரவைத்தது. அதே படம் என்னையும் இறங்கி வரவைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தனியாகப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்கய்யா" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் கேட்டாள்: "ஊரே பாக்கத் திட்டிட்டு, தனியாப் போய் மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏழு மாதமாகியும் இல்லை.

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகளைச் சொன்னார். அதனால்தான் இந்த நாள். பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றோடு நான்காவது, நம் பேச்சு கேட்கப்படும் உரிமை. அந்த உரிமைக்காக நான் மூன்று வாரம் மெயில் போட்டேன். அதே உரிமையை ஒரு மனிதருக்குக் கேட்டில் வைத்து இரண்டு நிமிஷம் நான் கொடுக்கவில்லை.

அண்ணே, நீங்க அந்தக் கதவோரம் நிற்பது தெரியுது. அன்னைக்குப் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கு இங்க இருக்காங்க. அவங்க முன்னால சொல்றேன். நீங்க கீழ போடல. நான் விசாரிக்காமப் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். கேட்டில் பார்சலுக்கு ஒரு நோட்டும், படம் எடுக்கச் சங்கத்தின் போன் ஒன்றும் இருக்கட்டும். பார்சல் வந்தவுடன் நேரமும் வீட்டு எண்ணும் எழுதி, பெட்டியை இரண்டு படம் எடுத்து அந்த வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். நசுங்கியோ பிரிந்தோ வந்தால், வீட்டுக்காரரிடம் போனில் கேட்காமல் வாங்கக் கூடாது. அன்று இரவுக்குள் நாம் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குள் இருப்பதற்கு வாட்ச்மேன் பொறுப்பில்லை என்று இன்றே தீர்மானம் போட வேண்டும். அந்த நோட்டை நானே வாங்கித் தருகிறேன். 3,000 ரூபாயில் மிச்சம் இருக்கிறது.

(கோரிக்கை அன்றைய கூட்டத்திலேயே ஒருமனதாக ஏற்கப்பட்டது. பார்சல் நோட்டு இப்போது கேட்டில் உள்ளது. பார்சலை எடுத்துச் செல்பவர்கள் தவறாமல் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.)