ஒற்றை வாசல் வீடு



மும்பையிலோ கொல்கத்தாவிலோ டில்லியிலோ வாழும் நமக்குச் சொந்த ஊர் செல்லப் பல வழிகள் உண்டு. ஒரு ரயில் தவறினால் மற்றொரு ரயில்; அதுவும் இல்லையெனில் பேருந்து. ஒரு மாநிலத்தில் அரிசி குறைந்தால் வேறொரு மாநிலத்திலிருந்து லாரி வருகிறது. பரந்த நிலத்தில் வாழ்பவர்க்கு இவ்வசதியின் அருமை எளிதில் தெரிவதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு சிறு நாட்டை எண்ணிப் பார்த்தால்தான் அது விளங்கும். அந்நாட்டிற்குத் துறைமுகமே வாசல். வாசல் அடைபட்டால் அடுப்பில் உலை ஏறுவதே ஐயமாகிவிடும்.

அத்தகைய நாடுகளுள் ஒன்று மொரீஷியஸ். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அமைந்த அந்நாட்டில் 12 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் உண்ணும் அரிசியும் கோதுமையும், வண்டிகளை ஓட்டும் எண்ணெயும் கப்பலில் வருபவை. அக்கப்பல்கள் வந்து சேரும் பெருந்துறைமுகம் ஒன்றே ஒன்றுதான். அதுவே தலைநகரான போர்ட் லூயிஸ்.

வீடு கட்டுபவர் வாசலை எத்திசையில் வைப்பது என்று முதலில் ஆராய்வார். 1598-இல் வந்த டச்சுக்காரர் இத்தீவின் தென்கிழக்குக் கரையில் இறங்கினர். அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். பாய்மரக் கப்பல் உள்ளே வருவது எளிது, வெளியேறுவதோ பெரும்பாடு. 1715-இல் தீவைக் கைக்கொண்ட பிரெஞ்சுக்காரர், மலைகளின் மறைவில் காற்று ஒதுங்கிய வடமேற்குக் கரையைத் தேர்ந்தெடுத்தனர். 1735-இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே அங்கே கப்பல் கட்டும் தளமும் கிடங்குகளும் அமைத்தார். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பும், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து சென்ற கைவினைஞர்களின் திறமையும் அத்துறைமுகத்தில் கலந்துள்ளன. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்தி வந்தவரும் இதே லாபூர்தொனேதான்.

1810-இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கரும்பு பெருகியது. 1835-இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடி நம் நாட்டை நோக்கினர். கொல்கத்தா, சென்னை, மும்பைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். 1834 முதல் சுமார் 80 ஆண்டுகளில் வந்திறங்கியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1849-இல் அவர்களுக்கெனக் கட்டப்பட்ட இறங்குதுறையின் கற்படிகள் இன்றும் போர்ட் லூயிஸ் கரையில் உள்ளன. 'ஆப்பிரவாசி காட்' எனப்படும் அவ்விடத்தை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நமக்கு, அப்படிகளில் முதல் அடி வைத்தவரின் நெஞ்சத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. நாம் நினைத்தால் ஊருக்குத் திரும்பலாம். அவர்களுள் பலருக்கு அது வாய்க்கவில்லை.

இனி, வாசலின் வேறொரு துன்பத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்ற கப்பல்களுள் பல போர்ட் லூயிஸில் தங்கி நீரும் உணவும் ஏற்றின, பழுதும் பார்த்துக்கொண்டன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. உலகிற்கு அது நன்மை. போர்ட் லூயிஸுக்கோ பேரிழப்பு. தெருவே வேறு பக்கம் திரும்பிவிட்டால் தெருவோரக் கடைக்காரர் என்ன செய்வார்? தீவார் செய்த தவறு எதுவுமில்லை. எங்கோ ஒரு மணல்வெளியில் வெட்டிய வாய்க்கால் அவர்கள் வாணிபத்தைக் குறைத்தது.

எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1968-இல் விடுதலை பெற்ற நாடு தன் துறைமுகத்தைக் காலத்திற்கேற்ப மாற்றியது. முன்னர்ச் சர்க்கரை மூட்டைகளைத் தொழிலாளர் தோளில் சுமந்து தோணிகளில் ஏற்றுவர். தோணிகள் அவற்றை நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கொண்டுசெல்லும். 1980-இல் மூட்டையின்றிச் சர்க்கரையை நேரே கப்பலில் கொட்டும் ஏற்றுமதி நிலையம் இயங்கத் தொடங்கியது. கப்பல் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலையும் குறைந்தது. முன்னேற்றத்தின் கணக்கை எழுதும்போது இவ்விரண்டையுமே எழுதுவதுதான் நேர்மை. பின்னர்க் கொள்கலப் பெட்டிகளும் அவற்றை இறக்கும் பெரும் பாரந்தூக்கிகளும் வந்தன. பிற நாட்டுச் சரக்குகளைச் சுங்கச் சுமையின்றி இறக்கி, சேமித்து, மீண்டும் அனுப்பும் தடையிலாத் துறைமுகத் திட்டம் 1992-இல் சட்டமாயிற்று.

வாசலில் வந்து நிற்கும் கப்பல் மட்டுமன்று, வாசல் வழியே கடந்து செல்லும் கப்பலும் தீவைப் பாதிக்கும். 2020 ஜூலை 25 அன்று, சிங்கப்பூரிலிருந்து பிரேசிலுக்குச் சென்றுகொண்டிருந்த 'வகாஷியோ' என்னும் ஜப்பானியருடைய கப்பல் தென்கிழக்குக் கரையின் பவளப்பாறையில் மோதி நின்றது. அது போர்ட் லூயிஸுக்கு வரவேண்டிய கப்பலே அன்று. ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலிற் கலந்தது. அப்போது மக்கள் ஆணையை எதிர்பார்த்து நிற்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவைத் தடுப்புகள் செய்தனர். தம் தலைமுடியையும் வெட்டிக் கொடுத்தனர். அக்கடலை நம்பி வாழ்ந்த மீனவர் வலையை மடித்துவைத்துவிட்டு எண்ணெயை வாரினர்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு மீண்டும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் திரும்பிப் போன தெரு, சிறிது காலம் பழைய பக்கம் திரும்பி வந்தது போலாயிற்று. பிறர் துன்பத்தால் வந்த வாணிபத்தை நிலையானதென்று நம்ப முடியுமா? தெரு எப்பக்கம் திரும்பும் என்பது தீவின் கையில் இல்லை. வாசலைச் செம்மையாக வைத்திருப்பது மட்டுமே அதன் கையில் உள்ளது.

இவ்வுண்மையை அந்நாட்டின் மற்றொரு தீவான ரோட்ரிக்ஸ் மக்கள் இன்னும் நன்கறிவர். போர்ட் லூயிஸுக்குக் கிழக்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அவர்களுக்குப் போர்ட் லூயிஸிலிருந்து கப்பல் வரவேண்டும். புயற்காலத்தில் கப்பல் தாமதித்தால் கடைக்காரர் கடலை நோக்கியே நிற்பார். வாசலுக்குள் ஒரு வாசல் அது.

நாளை காலை நாம் கடைக்குச் சென்று ஒரு கிலோ சர்க்கரை வாங்கும்போது, அது எவ்வழி வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். வழிகள் பல இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. ஒரே வழியைக் கண்ணெனக் காத்து வாழும் மக்களிடம் நாம் கற்க வேண்டிய விழிப்பு மிகுதி.