தீரர் சத்தியமூர்த்தி மீது ஒரு வழக்கு



தீரர் சத்தியமூர்த்தி திருமயத்துக்காரர், 1887-ல் பிறந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைப் பெண். ஒரு வயது மூத்தவர். இருவரும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். அந்த இருவர்தான் 1927-ல் சென்னைச் சட்டசபையில் எதிரெதிராக நின்றார்கள். தேவதாசி முறையை ஒழியுங்கள் என்றார், சபையின் துணைத் தலைவராக இருந்த முத்துலட்சுமி. கூடாது என்றார் சத்தியமூர்த்தி.

சத்தியமூர்த்தி சின்ன ஆள் இல்லை. சிறை சென்றவர், தமிழ்நாடு காங்கிரசின் தலைவர், சென்னை மேயர், காமராஜரை வளர்த்தவர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்; கட்சித் தலைமையகத்துக்கும் அவர் பெயர். இருந்தும் என்ன? தேவதாசி என்ற பேச்சு எழுகிற மேடையிலெல்லாம் அவரைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். முத்துலட்சுமி கொடுத்ததாக ஒரு சூடான பதிலடியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கைதட்டலுக்கு உதவும் கதை, வழக்குக்குத் தேவையில்லை.

வழக்கு இதுதான். கோயில் மானிய நிலம் குடும்பத்தில் இருக்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்துப் பெண் கோயில் பணி செய்தாக வேண்டும். பணியை விட்டால் நிலம் போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டி, அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி முயன்று 1929-ல் வந்த சட்டத் திருத்தம் இந்தக் கண்ணியை அறுத்தது: பணி இல்லாமலே நிலம் அவர்களுக்கு. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டத்துக்கோ 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தீரர் பக்கம் நியாயமே இல்லையா? கோயில் மரபு போகும், கலை அழியும் என்பது அவர் தரப்பு. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சத்தில் பாதி பலித்தது. தேவதாசிக் குலத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள், ஆட்டம் வேறு வீடுகளுக்குப் போனது. சரி, பொட்டுக்கட்டிக்கொண்ட சிறுமியிடம் சம்மதம் கேட்டது யார்?

முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மகளை, எதிர்ப்பை மீறி, ஆண்கள் படித்த கல்லூரியில் சேர்த்தவர் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து வெளிநாட்டில் வாழப்போன அந்த அரசரைப் பற்றி எவ்வளவோ பேச்சு உண்டு. அத்தனையையும் தாண்டி நிற்கிறது அந்த ஒரு சேர்க்கை உத்தரவு.

பெரிய மனிதர் மீது இப்படி ஒரு வழக்கு வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். அவர் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள். ஒரு காலத்தில் அவரே தலைவராக இருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், 2020-ல் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. நாம் அப்படிப் பூண்டியில் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாம். தீரரின் பிறந்தநாள் மேடையில் 1927-ஐயும் சேர்த்துப் பேசட்டும்.

சீடர் வேறு வழி போனார். 1954-ல் முதலமைச்சரான காமராஜர், பட்டியலினத்தவரான பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறையைக் கொடுத்தார். குரு எந்தக் கோயில்களின் மரபுக்காக வாதாடினாரோ, அந்தக் கோயில்கள்!

பழைய தலைவர்களை இப்படி எடைபோட்டால், இன்றைய தலைவர்களையும் எடைபோட வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. ஓட்டுக் கேட்டு வருகிற தலைவரிடம் சாலையும் பாலமும் அப்புறம் கேளுங்கள். அந்த ஊருக்குப் போனீர்களா, போய் என்ன பேசினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.