நோவை ஆராய்தல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கலாநிதிப் பட்டம் என்றதும் அணுவும் கல்வெட்டுமே நம் நினைவில் எழுகின்றன. முதியோரினதும் தீரா நோயுற்றோரினதும் நோவைத் தணிக்கும் பராமரிப்பிலும் அப்பட்டம் உண்டென்றால், "சாகப் போகிறவரிடம் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உளர். அக்கேள்விக்கே விடை கூற விழைகின்றேன்.

இத்துறைக்கு வித்திட்டவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. தாதியாகவும், பின் ஆஸ்பத்திரிச் சமூக சேவையாளராகவும் பணிபுரிந்தவர். மரணத் தறுவாயிலுள்ளோரை வைத்தியர்களே கைவிடுகின்றனர், ஆதலின் வைத்தியம் படியும் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கூற, 33 வயதளவில் வைத்தியக் கல்லூரி புகுந்து 1957இல் வைத்தியரானார். நோயாளி பொறுக்கமாட்டாது கதறிய பின்னரே மோர்பின் கொடுப்பது அக்கால வழக்கம். இவரோ மருந்தின் வேகம் தணியுமுன்னரே, நேரந் தவறாது அடுத்த வேளையைக் கொடுப்பித்தார். நோயாளர் சொல்வதைக் கேட்டார். சிலர் பேச்சை ஒலிப்பதிவுஞ் செய்தார். இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் குறிப்புகள் திரண்டன. உடல் நோவு, மனத் துயர், குடும்பக் கவலை, ஆன்ம வேதனை யாவும் சேர்ந்ததே "முழு நோவு" என்ற கருத்தும் அக்கேள்வியறிவிலே பிறந்தது. 1967இல் இலண்டனில் அவர் திறந்த சென். கிறிஸ்தோபர் விடுதியிலே பராமரிப்பும் போதனையும் ஆராய்ச்சியும் ஒன்றாகவே நடந்தன.

சரி, வாய் பேசுவோர் சொல்வார்கள். மறதி நோயால் பேச்சிழந்த முதியவர் என் செய்வார்? அவருக்கென 2003இல் அமெரிக்காவில் "பெயினாட்" என்னும் அளவுகோல் வெளியாயிற்று. மூச்சு, முனகல், முகக்குறி, உடலசைவு, தேற்றினால் ஆறுகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிடுவர்.

நமக்குரிய வேலை இங்கேதான் இருக்கின்றது. மொழிபெயர்த்த வினாத்தாளிலே "வலி" என்ற ஒரு சொல் போதுமா? நம் ஆச்சிமாருக்கு நோ வேறு, உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு. "வலிக்குதோ?" என்றால் "இல்லை மோனை" என்பவர், "உளையுதோ?" என்றால் "விடிய விடிய" என்பார். பிள்ளைகளுக்குத் தொல்லையென்று மறைப்பாரும் உண்டு. இதுவே ஒரு கலாநிதி ஆய்வுக்குப் போதிய பொருள்.

இன்னொன்றையும் பெரியோர் மன்னிக்கச் சொல்லுகின்றேன். தன் நோவை ஊழென்று பொறுப்பது ஒருவர் உரிமை. பிறர் நோவை ஊழென்று நாம் விட்டுவிடுவது வேறு காரியம்.

இப்படிப்பு வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று. தாதியரும் சமூக சேவையாளரும் புகலாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் தொழிலை விடாது, தொலைவிலிருந்தே பகுதிநேரமாகப் பயிலும் கலாநிதி நெறியொன்றை அமைத்துள்ளது.

ஆனால் பொறுமை வேண்டும். இன்று பேசியவர் மறுமுறை நாம் போகையில் இல்லாதிருக்கலாம். ஒருமுறை தந்த சம்மதத்தை என்றைக்குமான சம்மதமாகக் கொள்ளலாகாது. போகுந்தோறும் கேட்க வேண்டும். அவர் "இண்டைக்கு வேண்டாம்" என்றால், குறிப்பேட்டை மூடிவிட்டு, கேட்டால் தண்ணீர் கொடுத்து, சற்று நேரம் அருகில் இருந்துவிட்டு வரவேண்டியதுதான்.