போத்தலுக்குள் இருக்கும் ஊர்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



விஞ்ஞானத்தில் பெண்கள் என்ற தலைப்பில்தான் எங்களைப் பேசக் கேட்டார்கள். நாங்கள் இருவரும் கலந்துபேசி, அதை எங்களிலும் நன்றாகப் பேசக்கூடியவர்களுக்கு விட்டுவிட்டு, ஒரு களஞ்சிய அறையைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தோம். விழாக் குழு மன்னிக்க வேண்டும்.

எங்கள் உயிரியல் ஆய்வுகூடத்தில் கதவுக்குப் பின்னால் இருந்த நாகபாம்புப் போத்தல் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நாள் அதைக் கண்டு அலறாதவர்கள் குறைவு. அந்தப் பாம்பை யார் பிடித்தார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று எங்களில் ஒருவருக்காவது தெரியுமா? போத்தலில் ஒட்டியிருந்த துண்டு எங்கள் காலத்திலேயே பழுத்து உதிர்ந்துவிட்டது. பாம்பு மட்டும் மிஞ்சியது.

எங்களில் ஒருவர் விரிவுரையாளர், மற்றவர் தொழினுட்ப உத்தியோகத்தர். ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில் வேலை செய்கிறோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நாங்கள் சொல்லும் நிலை பல இடங்களில் உண்டு. துறையின் பின்பக்கம் ஓர் அறை. திறப்பு யாரிடம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு கிழமை சென்றது. உள்ளே சுவர் முழுக்க இறாக்கைகள். மீன்கள், பாம்புகள், தவளைகள், நண்டுகள், சங்குகள், தாளில் ஒட்டிய செடிகள். பாதிப் போத்தல்களில் திராவகம் வற்றி, உள்ளே இருந்தது கருவாடாகிவிட்டது. மழை ஒழுகிய மூலையில் செடித்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சோகி, சங்கு வைத்திருந்த மரலாச்சிகளைத் திறந்தால் ஓடுகளின் மேல் வெள்ளைப் பொடி. மரத்திலிருந்து எழும் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டைத் தின்னும் என்று அப்போதுதான் படித்தோம். யாரையும் குறைசொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் அவற்றை அறை மாற்றி அறை மாற்றித் தூக்கித் திரிந்து காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். எது எங்கே என்ற கணக்கு அவர்களில் ஒருவரின் தலைக்குள் இருந்தது. அவர் ஓய்வுபெற்றுப் போனதோடு கணக்கும் போய்விட்டது.

“இந்தச் செத்த சாமான்களை வைத்து என்ன பிள்ளைகள் செய்யப்போகிறீர்கள்?” என்று எங்களைக் கேட்டவர்கள் படித்தவர்கள்தான். அவர்களுக்கு நாங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு.

பிரித்தானியாவில் ஒருகாலம் பறவை முட்டை சேர்ப்பது பையன்களுக்கும் கனவான்களுக்கும் பொழுதுபோக்கு. ஓட்டில் துளைபோட்டு உள்ளீட்டை ஊதி வெளியேற்றி, நாளும் இடமும் எழுதிப் பெட்டியில் அடுக்குவார்கள். பின்னாளில் வல்லூறுகள் தங்கள் முட்டைகளையே உடைத்துக்கொண்டு அருகத் தொடங்கின. காரணம் தேடிய டெரெக் ரற்கிளிஃப், பழைய பெட்டிகளில் இருந்த முட்டைகளை அளந்தார், நிறுத்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு சட்டென்று மெலிந்திருப்பதை 1967இல் எழுதினார். டி.டி.டி. பாவனைக்கு வந்த காலம் அது. எங்கள் வீட்டுச் சுவர்களுக்கும் மலேரியா ஒழிப்புக்காக அடித்த அதே மருந்துதான். அதற்கு முன் முட்டை சேர்த்தவர்களுக்கு டி.டி.டி. என்ற பெயரே தெரிந்திருக்காது. பெட்டியில் நாளும் இடமும் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூதனசாலையில் டோடோப் பறவையின் தலை ஒன்று இருக்கிறது. பறவை பழுதாகிவிட்டதென்று 1755இல் மற்றதையெல்லாம் கழித்தபோது தலையும் ஒரு காலும் தப்பின. அந்தத் தலையை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது பின்மண்டையில் ஈயக்குண்டுகள் இருப்பது 2018இல் தெரியவந்தது. அதே ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி இரவு பிறேசிலில், றியோ டி ஜெனெய்ரோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலிருந்த தேசிய நூதனசாலை எரிந்தது. அங்கே ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்கள் இருந்தன. ஊழியர்கள் சிலர் எரியும் கட்டிடத்துக்குள் போய் நத்தை, சிப்பி இனங்களின் மூல மாதிரிகளில் ஒரு பகுதியை அள்ளிவந்தார்கள். வேறு கட்டிடத்தில் வைத்திருந்த செடித்தாள்களும் முள்ளந்தண்டுள்ள விலங்குகளும் தப்பின. எரிந்த நூலகத்தைக் கண்ட ஊரவர்களுக்கு இதற்குமேல் நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது அல்ககோல் போத்தல்களையும் காய்ந்த செடிகளையும் வேறு வேறு அறைக்கு மாற்றியதுதான். பிறகு எண்ணினோம். எண்ணி முடியும்வரை எதையும் எறிவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தோம். பழைய துண்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் கழற்றுவதில்லை. அதன் பக்கத்திலேயே புதியதையும் வைக்கிறோம். திராவகம் வற்றினால் மேலே ஊற்றி நிரப்பிவிடலாம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அல்ககோல் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். போத்தலில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். அதன்மேல் 70 வீத அல்ககோல் ஊற்றினாலும் உள்ளே பலம் போதாமல் மீன் அழுகும். ஒவ்வொரு போத்தலிலும் அடர்த்தி பார்த்துத்தான் ஊற்றவேண்டும். சலிப்பான வேலை. புதிய மூடிகளுக்கு நிதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. மூடிகளை வாங்கித் தந்தவர்கள் எங்கள் உயர்தர வகுப்புத் தோழிகள். அவர்கள் பெயரைச் சொன்னால் கோபிப்பார்கள்.

பாதுகாத்தால் மட்டும் போதாது, பார்க்கக் கிடைக்கவேண்டும். 1670களில் போல் ஹேமன் என்ற ஒல்லாந்த கம்பனி வைத்தியர் எங்கள் தீவில் பறித்து உலர்த்திய இலைகளை, லீனேயஸ் நூல் எழுதப் பயன்படுத்திய அதே இலைகளை, இன்று லண்டன் நூதனசாலையின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அறுபது வருசத்துக்கு முன் எங்கள் கடலில் பிடித்த மீனைப் பார்க்க எங்கள் மாணவிகள் திறப்புத் தேடவேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு துண்டையும் படம்பிடித்து, அதில் உள்ளதைக் கணினியில் ஏற்றுகிறோம். அரிய செடிகள் வளரும் இடங்களை மட்டும் வெளியே காட்டுவதில்லை. களவாகப் பிடுங்குபவர்களும் இணையம் பார்ப்பார்கள்.

இந்த வேலைக்குத்தான் நீங்கள் தேவைப்பட்டீர்கள். பருத்தித்துறை என்ற ஒரே ஊர் துண்டுகளில் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தது. கணினிக்கு அவை நாலு ஊர்கள். எங்கள் மாணவன் ஒருவன், வெளிமாவட்டத்துப் பிள்ளை, சேகரித்தவர் பெயர் என்ற நிரலில் பதினெட்டு நண்டுகளுக்கு “கே. கே. எஸ்.” என்று பதிந்திருந்தான். ரொறன்ரோவிலிருந்து படங்களைப் பார்த்த அக்கா ஒருவர், “தம்பி, அது ஆளில்லை, காங்கேசன்துறை” என்று எழுதினார். இன்று ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று பல இடங்களிலிருந்தும் அக்காமார் இரவில் இருந்து துண்டு வாசிக்கிறார்கள். இப்போது இல்லாமல் போன ஒழுங்கைகள், குளங்கள், இறங்குதுறைகள் எல்லாம் அவர்களுக்குத் தெரிகின்றன. அவர்களுக்குப் பிறகு அவற்றைச் சொல்ல ஆள் இருக்காது என்பதுதான் எங்கள் அவசரம்.

கடைசியாக ஒன்று. சென்ற வருசம் கீழ்த்தட்டில் ஒரு சிறிய போத்தலை எடுத்தோம். உள்ளே இரண்டு கடற்குதிரைகள். வெளியே துண்டு இல்லை. உள்ளே, திராவகத்துக்குள், தடித்த கடதாசியில் பென்சிலால் எழுதியிருந்தது. மை கரையும், பென்சில் கரையாது. எழுதியவர் விசயம் தெரிந்தவர். “மண்டைதீவு, முழங்காலளவு நீர், கடற்புல், 1961” என்று இருந்தது. அதன் கீழே எங்கள் பாடசாலையின் பெயரும், “புகுமுக வகுப்பு மாணவிகள்” என்ற சொற்களும். கையெழுத்தைக் கண்டதும் எங்கள் இருவருக்கும் கை நடுங்கியது. எங்கள் குறிப்புக் கொப்பிகளில் சிவப்பு மையால் திருத்திய அதே எழுத்து. ரீச்சர் இன்று எங்களிடையே இல்லை. அந்தப் போத்தலைப் பல்கலைக்கழகத்துக்கு எப்போது கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதற்கு எங்கும் பதிவில்லை.

அன்று அவரோடு கடலுக்குள் இறங்கிய பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயதாகியிருக்கும். எந்த மாதம், கடற்புல் எவ்வளவு தூரம் பரந்திருந்தது, இன்னும் என்னென்ன பிடித்தீர்கள் என்று கேட்க எங்களிடம் நிறையக் கேள்விகள் உண்டு. முன்வரிசையில் சில அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இங்கிருந்து தெரிகிறது. துண்டின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் எங்கள் இருவரில் ஒருவரைப் பிடியுங்கள்.