குழுவில் யாரோடு யார் உட்காருவது?

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களுக்குக் கொட்டச்சேடு தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்து மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்கே வழி போட்டுக் கொடுத்தவர் என்று நான் கருதும் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் அலோசியஸ் பிரகாஷ் பெர்னாண்டஸ்.

திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968-இல் கர்நாடகத்தில் தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனம் மைராடா. 1980-களின் தொடக்கத்தில் பெர்னாண்டஸ் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அவற்றின் மூலம் கடன் கொடுத்து வந்தது மைராடா. 1984, 85 வாக்கில் அவற்றில் சில உடைந்தன. சங்கத் தலைவர்கள் மேல் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

அடுத்து நடந்ததைத்தான் நேயர்களே, எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. உடைந்த சங்கத்து ஆட்கள் சின்னச் சின்னக் கூட்டமாக மைராடாவைத் தேடி வந்தார்கள். வாங்கிய கடனைச் சங்கத்தில் கட்ட மாட்டோம், உங்களிடம் கட்டுகிறோம் என்றார்கள். எங்களிடமும் வேண்டாம், உங்களுக்குள்ளேயே கட்டி, உங்களுக்குள்ளேயே சுற்ற விடுங்கள் என்றது மைராடா. யாரோடு யார் சேர்வது என்று எந்த அதிகாரியும் பட்டியல் போடவில்லை. ஒருவரையொருவர் நம்பியவர்கள் தாமாகவே சேர்ந்திருந்தார்கள். சங்கம் உடைந்ததே என்று கவலைப்பட்டு நிற்காமல், இந்த நம்பிக்கைதான் முதல் என்று கண்டுகொண்டாரே, அதைத்தான் பெர்னாண்டஸின் பெரிய திறமையாக நான் நினைக்கிறேன்.

இந்த நம்பிக்கையின் மதிப்பை நான் நேரிலும் பார்த்தேன். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு குழு. இருபது பேர் வேண்டுமே என்று இரண்டு ஊர்ப் பெண்களை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சேமிப்புப் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒரு அக்காவைத் தனியாகக் கேட்டேன். "புள்ளைக்குக் காது குத்தணும், பணம் வேணும்னு அந்த ஊர்க்காரங்க முன்னாடி எப்படிம்மா கேக்கறது?" என்றார். பிறகு அவர்களே பேசி இரண்டு குழுவாகப் பிரிந்துகொண்டார்கள். அதே பெண்கள்தான், அடுத்த கூட்டத்தில் ஒரே பேச்சு! காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் கூலி கையில் புரளும், அப்போது தவணையைக் கூட்டிக் கட்டலாம், ஆடியில் குறைத்துக் கட்டலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். மலை வாழ்க்கை தெரிந்தவர்கள் போட்ட தவணை அது.

பக்கத்து நாடான வங்கதேசத்தின் கிராமீன் வங்கியில் கடன் கொடுப்பது வங்கி. மைராடா காட்டிய வழியிலோ சேமிப்பு குழுவுடையது, யாருக்கு முதலில் கடன் என்ற முடிவும் குழுவுடையது. ஏழைகள் கடன் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, நிர்வாகம் செய்யத் தெரிந்தவர்கள் என்பதை வைத்துத்தான் 1992-இல் 'மைராடா அனுபவம்' என்ற நூலை பெர்னாண்டஸ் எழுதினார். அமெரிக்காவில் லாப நோக்கற்ற நிறுவனங்களின் நிர்வாகம் பற்றி பீட்டர் டிரக்கர் எழுதிய நூல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்தது. டிரக்கர் நிறுவனத்தை நடத்துகிறவர்களுக்காக எழுதினார். பெர்னாண்டஸின் நூலிலோ நிர்வாகிகள் கிராமத்து ஏழைகள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, மைராடாவின் இந்தக் குழு முயற்சிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1989-இல் பன்னாட்டு நிதியுதவியோடு தமிழக அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரியில் தொடங்கி, பிறகு நம் சேலத்துக்கும் வந்தது. 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு அறிவித்தது. குழுக்களுக்கென்றே கடன் கொடுக்க, லாப நோக்கற்ற நிதி நிறுவனமாகச் சங்கமித்ராவை மைராடா உருவாக்கியது. 2000-இல் பெர்னாண்டஸுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நேரம் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் குழுப் பெண்களே, உங்கள் தீர்மானப் புத்தகம் ஊக்குநர் வீட்டு அலமாரியிலேயே இருக்க வேண்டாம். வருகிற கூட்டத்தில் அதை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், யார் முடிவு செய்தது என்பது எல்லோர் காதிலும் விழட்டும். நிச்சயம் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.