களத்தினுள்ளும் கோட்டுக்கு வெளியிலும்

உதைபந்தாட்டத்திற் கோல் போட வல்லவர் வேறு. பிறரைக் கொண்டு கோல் போடுவிக்க வல்லவர் வேறு. முன்னவருக்குக் கால் துணை. பின்னவருக்குப் பொறுமையே துணை. இவ்விரு பணிகளின் இன்பத்தையும் துன்பத்தையும் நிரம்ப அறிந்தவர் ருமேனிய நாட்டின் அங்கேல் யோர்டனெஸ்கு.

1950ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி யாசி நகரிற் பிறந்த இவர், 1968இல் தலைநகர் புக்கரெஸ்டின் இராணுவக் கழகமாகிய ஸ்டெயாவாவிற் சேர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் அதன் முன்னணி வீரராக விளங்கினார். 1981-82ஆம் ஆண்டுப் போட்டிகளில் 20 கோல்களைப் போட்டு, நாட்டின் முதற்பிரிவில் முதலிடம் பெற்றார். பின்னர் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இரண்டாண்டுகள் ஆடித் தாயகம் மீண்டு, ஸ்டெயாவாவின் பயிற்றுநர் எமெரிக் யெனேய்க்கு உதவியாளரானார்.

1986 மே 7ஆந் திகதி ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் ஸ்பானிய நகராகிய செவில்லில் நடைபெற்றது. எதிரணியோ ஸ்பெயினின் பார்சிலோனா. இரண்டாம் பாதியிலும் கோல் விழாதிருந்த வேளையில், யெனேய் தம் உதவியாளரையே களத்தில் இறக்கினார். முப்பத்தாறு வயது நிறைந்து மூன்றே நாட்களான அம்மனிதர் கொண்டுசென்ற ஆயுதம் அனுபவம் ஒன்றே. மேலதிக நேரமும் கோலின்றிக் கழிந்தது. தண்ட உதைகளில் ஸ்டெயாவாவின் கோல் காவலர் டுக்காதம் நான்கு உதைகளையும் தடுத்தார். லக்காதுஷும் பாலிந்தும் கோல் போட்டனர். கிழக்கு ஐரோப்பாவுக்கு முதன்முறையாக அக்கிண்ணம் சென்றது.

அதே ஆண்டில் யோர்டனெஸ்கு தலைமைப் பயிற்றுநரானார். 1989இல் ஸ்டெயாவாவை மீண்டும் இறுதியாட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே மிலான் அணியிடம் நான்கு கோல்களால் தோல்வி கண்டார். 1993இல் தேசிய அணியின் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், ஜூலை 3ஆந் திகதி, ருமேனியா ஆர்ஜென்டினாவை எதிர்கொண்டது. கோல் போடுபவரான ரடுச்சோயு தடைக்குட்பட்டிருந்தமையால், நடுக்களத்தவரான டுமித்ரெஸ்குவை அவர் முன்னணியில் நிறுத்தினார். டுமித்ரெஸ்கு பதினெட்டு நிமிடங்களுள் இரு கோல்களைப் போட்டார். மூன்றாவதை அணித்தலைவர் ஹாஜி போட, ருமேனியா 3-2 என வென்றது.

ஒரு வாரம் கழித்துக் காலிறுதியிற் சுவீடனைச் சந்தித்தபோது, ஆட்டம் முடிய ஐந்தே நிமிடங்கள் இருக்கையில் ருமேனியா 2-1 என முன்னின்றது. எதிரணியிற் பத்துப் பேரே எஞ்சியிருந்தனர். அந்நிலையிலும் சுவீடன் சமநிலை கண்டது. மீண்டும் தண்ட உதை! இறுதியிற் பந்தை வைத்தவர் பெலோடெடிச். செவில்லில் யோர்டனெஸ்குவோடு வெற்றியைப் பகிர்ந்தவர். அவருடைய உதை தடுக்கப்பட்டது. செவில்லில் களத்தினுள்ளே இறங்கத் துணிந்த மனிதர், இங்கே கோட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கவே விதிக்கப்பட்டார்.

எனினும் அவர் ஓய்ந்தாரல்லர். 1998இல் இங்கிலாந்தை வென்று உலகக் கிண்ணப் பிரிவில் முதலிடம் பெற்றார். 2005இல் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாத் கழகத்துக்கு ஆசியக் கிண்ணம் ஈட்டிக் கொடுத்தார். 2016இலும் ஐரோப்பிய வெற்றிக் கிண்ணப் போட்டியில் தேசிய அணியை வழிநடத்தினார்.

ஆடுபவர் தம் பிழையைத் தம் காலாலேயே திருத்தலாம். பயிற்றுநரோ பிறர் கால்களை நம்பியே வாழ்பவர். அந்நம்பிக்கை ஒரு நாள் பொய்த்த பின்னரும் அதனைக் கைவிடாதிருந்தமையே யோர்டனெஸ்குவின் பெருமை.