மழைக்காலத்தில் ஆடவர் உடை



மழைக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவை நாம் சொல்லித்தான் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதில்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. கோட்டில் இறங்க வேண்டிய பால் மரமெங்கும் வழிந்து வீணாகும். செம்பனைக் காட்டில் குலை ஏற்ற வரும் வண்டி சேற்றில் புதையும். மழை என்றாலே வரும்படியைப் பற்றிய கவலைதான் முதலில் வருகிறது. அப்படியிருக்க, ஆடவர் மழைக்காலத்தில் நேர்த்தியாக உடுத்துவதைப் பற்றி ஒரு பேச்சா என்று பெரியவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், சற்றுக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நாம் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு லயத்து வீட்டில் வேலைக்காகக் காத்திருந்தோம். பட்டணத்துக் காரியாலயம் ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டில் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை அம்மா முதல் நாள் துவைத்தார். விடாத மழை. கொடியில் காயாத சட்டையை அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் தொங்கவிட்டார். விடிந்தபோது சட்டை ஓரளவு காய்ந்திருந்தது. ஆனால் விறகுப் புகை நாற்றம் ஏறியிருந்தது. கழுத்துப் பட்டையும் அக்குளும் இன்னும் ஈரம். அண்ணனுடைய சப்பாத்தை மாட்டிக் கொண்டு, பெரிய சாலை வரை இரண்டு கட்டை தூரம் செம்மண் பாதையில் நடந்தோம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் கொண்டார். காரியாலயத்தின் வெள்ளைத் தரையில் நாம் நடந்த வழியெல்லாம் சிவப்புத் தடம். கேள்வி கேட்டவர் நம் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். வேலை கிடைக்கவில்லை. சேறுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், விடை தெரிந்த கேள்விக்குக்கூட நாம் சரியாகப் பதில் சொல்லவில்லை. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைப்பதிலேயே நம் புத்தி முழுவதும் போய்விட்டது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டோம். அவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருவார். எவ்வளவு மழை பெய்தாலும் வகுப்பில் அவர் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும், சப்பாத்து பளபளக்கும். அது எப்படி என்று நாம் அதுவரை யோசித்ததே இல்லை. "தம்பி, மழை நாளில் சப்பாத்து காலில் இருக்கக்கூடாது, பையில் இருக்க வேண்டும்" என்றார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் கொண்டு, ரப்பர் செருப்போடு சைக்கிள் மிதித்து வருவார். பிளாஸ்டிக் பையில் சப்பாத்து, காலுறை, ஒரு சிறு துண்டு. பள்ளிக்கூடக் குழாயடியில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுத்தான் சப்பாத்தைப் போடுவார். சேற்றுப்புண்ணும் வராது என்பார். ரப்பர் செருப்பு நடக்கும்போது பின்னங்காலில் சேற்றை அள்ளித் தெளிக்கும். ஆகவே காற்சட்டையைச் சுருட்டாமல் செருப்பு மட்டும் போட்டுப் பயனில்லை.

அடுத்த முறை அழைப்பு வந்தபோதும் மழைதான். பட்டணத்தில் கடை வரிசையின் ஐந்தடியில் நின்று, காலைத் துடைத்துச் சப்பாத்து மாட்டிக் கொண்டு உள்ளே போனோம். அந்த வேலை கிடைத்தது.

நம் நாட்டில் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரங்களில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும். பேராக், சிலாங்கூர் பக்கங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம்; அதுவும் பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலோடு வரும். எனவே மேற்குக் கரையில் இருப்பவர்கள் விடியற்காலையில் துவைத்து, மதியத்துக்குள் துணியை எடுத்துவிடப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்குள்தான் உலர்த்தியாக வேண்டும்.

வீட்டுக்குள் உலர்த்துவதற்கும் ஒரு முறை உண்டு. பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போல் சேர்த்துச் சுருட்டி அழுத்துங்கள். மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதியைத் துண்டு இழுத்துக் கொள்ளும். பிறகு சட்டை மாட்டியில் தொங்கவிட்டு, காற்றாடியைப் போடுங்கள். ஒரு துணிக்கும் மற்றொரு துணிக்கும் நடுவே ஒரு சாண் இடமாவது வேண்டும். அடுப்பங்கரை மட்டும் வேண்டாம். அதன் பலனை நாம் அனுபவித்திருக்கிறோம். காய்ந்ததும் இஸ்திரி போட்டால் எஞ்சிய ஈரமும் போகும். ஆனால் சூட்டோடு மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். ஆவி அடங்கும் வரை தொங்கட்டும். ஈரத்தோடு மடித்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கரும்புள்ளிகள் விழுந்துவிட்டால் நல்ல சட்டையும் வேலைச் சட்டையாகிவிடும்.

செம்மண் சேறு பட்டால் உடனே தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்கும். காயவிட்டு, தூரிகையால் தட்டி உதறி, அதன் பிறகு சோப்புப் போட வேண்டும்.

துணி வாங்கும்போது, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்ததைப் பாருங்கள். முழுப் பருத்தி தண்ணீரைக் குடித்துக் கொண்டு காய மறுக்கும். முழுப் பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்தாலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. வெளிர்ச் சாம்பல் நிறக் காற்சட்டையில் ஒவ்வொரு மழைத் துளியும் கறுப்பாகத் தெரியும். கருநீலம் காட்டிக் கொடுக்காது. வெள்ளைச் சட்டைக்கு உள்ளே பனியன் அவசியம். ஜீன்ஸ் மீது நமக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் அடைமழையில் அது காய இரண்டு நாள் கேட்கும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் மழை நாளில் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். மழைத்தண்ணீரோடு எண்ணெயும் வழிந்து கழுத்துப் பட்டையில் கறை பிடிக்கும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு மழைச்சட்டை வேண்டும். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டாக இருப்பது நல்லது. இந்த மழைச்சட்டைக்கும் ரப்பருக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர், இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி ஒட்டி, மழை புகாத துணிக்கு 1823ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. பிற்பாடு 1877இல் சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து, சில கோலகங்சாரில் நடப்பட்டு, மலாயாவில் தோட்டங்கள் பெருகின. உலகத்தாரை நனையாமல் காக்கும் பொருளை வெட்டிக் கொடுத்த நம் பாட்டனார்கள், தாங்கள் மட்டும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொண்டு மழையில் நடந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை ஒரு மழைச்சட்டை வாங்கினால் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது.

தோட்டத்துக் கல்யாணங்களில் வேட்டி படும் பாட்டையும் பார்த்திருக்கிறோம். வீட்டிலிருந்தே கட்டிக் கொண்டு கிளம்பினால், கோயில் வாசலுக்குள் கால் வைக்கும்போது கரை எது, சேறு எது என்று தெரியாது. கைலியோ சிலுவாரோ போட்டுக் கொண்டு போய், அங்கே மாற்றிக் கொள்ளுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை துவைப்பதும் பிழிவதும் உலர்த்துவதும் யார் வேலை? நாம் பட்டணத்துக்குப் போன அந்த நாளில், சட்டையைக் காய வைக்க அம்மா இரவு இரண்டு முறை எழுந்து அடுப்பில் விறகு தள்ளினார்; பிறகு பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போனார். நாம் தூங்கிக் கொண்டிருந்தோம். அந்தச் சட்டையை நினைக்கும்போது, புகை நாற்றத்தைவிட இதுதான் இப்போது நமக்கு உறுத்துகிறது. மகன்மாருக்கும் கணவன்மாருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. துண்டில் சுருட்டி அழுத்துவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம்.

சப்பாத்து நனைந்துவிட்டால், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் ஊறிவிடும். எடுத்துவிட்டு வேறு தாள் வைக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்போரத்திலோ கடும் வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். முழுதும் காய்ந்த பிறகு மெழுகுப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால், அடுத்த தூறலைக் கொஞ்சம் தாங்கும்.

இன்று மாலை நனைந்து வந்த சப்பாத்து உங்கள் வீட்டுக் கதவோரத்தில் கிடக்கிறதா? அதைப் போட்டுக் கொண்டு போனவரையே கூப்பிட்டு, கையில் இரண்டு பழைய தாளைக் கொடுங்கள்.